எழுத்தில் இல்லாத நரி

பேரப்பிள்ளைக்குப் படப் புத்தகம் வாங்கப் போகிறவர்கள் கடையில் நின்றபடி முதலில் எழுத்தைத்தான் படிக்கிறார்கள். கதை நன்றாயிருக்கிறதா, நீதி இருக்கிறதா, தமிழில் பிழை இல்லையே என்றெல்லாம் பார்த்துவிட்டு, படத்தை ஒரு புரட்டுப் புரட்டி, பில் போடக் கொடுத்துவிடுகிறார்கள். நான் இதைத் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். எழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டு படங்களை மட்டும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பாருங்கள். கதை நகர்கிறதா? யார் என்ன செய்கிறார்கள் என்று தெரிகிறதா? அடுத்த பக்கத்தைத் திருப்ப உங்களுக்கே கை வருகிறதா? இன்னும் படிக்கத் தெரியாத பிள்ளை அந்தப் புத்தகத்தை அப்படித்தான் பார்க்கப் போகிறது.

எனக்கு ஈரோட்டில் ஆஃப்செட் பிரஸ்ஸிலேயே காலம் போனது. மஞ்சள் தூள் பாக்கெட், ஜவுளிக்கடை லேபிள், கல்யாணப் பத்திரிகை, காலண்டர் என்று அச்சடித்த படங்களோடுதான் பிழைப்பு. அதனால் புத்தகம் கைக்கு வந்தால் மையும் தாளும் தையலும் முதலில் கண்ணில் படும். மகளின் பெண் கோயமுத்தூரில் எல்கேஜி முடித்திருக்கிறாள். லீவு விட்டால் எங்களிடம் வந்துவிடுவாள். அவளோடு உட்கார்ந்து பார்த்ததில், வாங்கலாம் என்று நான் மனதாரச் சொல்லக்கூடிய புத்தகங்களைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

படப் புத்தகம் எப்படி இருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் ஒரு கோழியைக் காட்டுவேன். பேட் ஹட்சின்ஸ் என்ற இங்கிலாந்துக்காரர் 1968-இல் எழுதி வரைந்த 'ரோஸீஸ் வாக்'. ரோஸி என்கிற கோழி நடக்கக் கிளம்புகிறது. வாசலைக் கடந்து, குட்டையைச் சுற்றி, வைக்கோல் போர் மேல் ஏறி, மாவு மில்லைத் தாண்டி, வேலிக்குள் நுழைந்து, தேன்பெட்டிகளுக்கு அடியில் புகுந்து, சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வீடு வந்து சேர்கிறது. எழுத்து இவ்வளவுதான். மொத்தப் புத்தகமும் இங்கிலீஷில் 32 சொல், ஒரே வாக்கியம்.

ஆனால் படத்தில் ஆரம்பத்திலிருந்தே கோழிக்குப் பின்னால் ஒரு நரி வருகிறது. அதைப் பற்றி எழுத்தில் ஒரு சொல் கிடையாது. கோழியும் திரும்பிப் பார்ப்பதே இல்லை. நரி பாய்கிறது, தரையில் கிடக்கும், வைக்கோல் வாருகிற பல்வாரியின் மேல் கால் வைக்கிறது, காம்பு எழும்பி மூக்கில் அடிக்கிறது. அடுத்த பாய்ச்சலில் குட்டைக்குள் விழுகிறது. போருக்குள் புதைகிறது. மில்லில் மாவு மூட்டை தலையில் கொட்டுகிறது. கடைசியில் தேனீக்கள் துரத்த, எடுக்கிறது ஓட்டம்.

நான் எழுத்தில் இருந்ததை மட்டும் நம்ம பேச்சில் சொல்லிக்கொண்டே போனேன். கோழி வாசலைத் தாண்டிப் போச்சு, குட்டையைச் சுத்திப் போச்சு. பேத்தி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "அப்புச்சி, பொறத்தால நரி வருதுங்! கோழிகிட்டச் சொல்லுங்!" என்றாள். "எங்க கண்ணு எழுதியிருக்குது? இங்க கோழின்னுதான இருக்குது" என்றேன். விரலை நரியின் மூக்கின் மேலேயே வைத்து அழுத்தினாள். "எழுதுலீங். இங்க இருக்குதுங், பாருங்." அதற்கப்புறம் கதையைச் சொன்னது அவள்தான். எழுபதை நெருங்கும் அப்புச்சிக்குத் தெரியாத ஒன்று, எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாத தனக்குத் தெரிந்துவிட்டது என்கிற தெம்பு அவள் குரலில் இருந்தது. படப் புத்தகம் ஒரு பிள்ளைக்குக் கொடுக்கக்கூடியதில் இதைவிடப் பெரியது எனக்குத் தெரிந்து இல்லை. எழுத்து கொஞ்சம் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் படம் பேசும். படம் எல்லாவற்றையும் சொல்லிவிடாமல் இருந்தால், பிள்ளையும் பெரியவரும் பேசுவார்கள்.

இங்கே ஒரு பிரஸ்காரனின் சேதி. படப் புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கம் இருக்கும். பெரிய தாளில் ஒரு புறத்துக்கு எட்டுப் பக்கம், பின்புறம் எட்டுப் பக்கம் அடித்து மடித்தால் 16 பக்க ஃபாரம். இரண்டு ஃபாரம் சேர்ந்தால் 32. தலைப்பு, பதிப்பு விவரம் எல்லாம் போகக் கதைக்கு மிஞ்சுவது பதினாலு பதினைந்து விரிப்புகள்தான், அதாவது எதிரெதிரே விரியும் இரண்டு பக்கங்கள். அந்த இடத்துக்குள் எந்தக் காட்சி எந்தத் திருப்பலில் வர வேண்டும் என்று கணக்குப் போட்டு வைப்பவரே தேர்ந்த படக்காரர். ஹட்சின்ஸ் நரியைப் பாயவிட்டு அங்கே பக்கத்தை முடித்துவிடுவார். எதில் போய் விழுந்தது என்று திருப்பினால்தான் தெரியும். ஆகவே பக்கம் திருப்பும் வேலையைப் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள். நாம் எழுத்தை முடித்ததும் திருப்பிவிடுவோம். அவர்கள் படத்தை முடித்த பிறகுதான் திருப்புவார்கள்.

எரிக் கார்ல் 1969-இல் செய்த 'த வெரி ஹங்ரி கேட்டர்பில்லர்' உலகம் முழுக்கத் தெரிந்த புத்தகம். எனக்கு அது பிடித்துப் போனது அதன் ஓட்டைகளால். ஒரு புழு திங்கட்கிழமை ஒரு ஆப்பிள், செவ்வாய்க்கிழமை இரண்டு பேரிக்காய் என்று வெள்ளிக்கிழமை வரை துளைத்துத் தின்றுகொண்டே போகும். தின்ற இடத்தில் தாளிலேயே நிஜ ஓட்டை. அந்தப் பக்கங்களும் ஒன்றைவிட ஒன்று அகலமாக வெட்டியிருக்கும். ஓட்டை போடும் பஞ்சிங் கருவியை வைத்துத் தாள்களைத் துளைத்துக்கொண்டிருந்தபோது கார்லுக்கு இந்த யோசனை வந்தது. அமெரிக்காவில் கட்டுபடியாகிற விலைக்கு அச்சடிக்க முடியாமல் முதல் பதிப்பை ஜப்பானில் அடித்தார்கள். டை கட்டிங், அதாவது அச்சு வைத்துத் தாளை வெட்டுகிற வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், இத்தனை அளவில் தாளும் இத்தனை ஓட்டையும் சேர்ந்து வந்தால் ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் லாட் முழுக்க வீண். பிள்ளை அந்த ஓட்டையில் சுண்டு விரலை விட்டு மறுபக்கம் எடுக்கும்போது, அதன் பின்னால் இருக்கும் உழைப்பு எனக்குக் கண்ணுக்குள் வரும்.

அந்தப் புழு கடைசியில் கூடு கட்டிப் பட்டாம்பூச்சியாக வெளியே வருகிறது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் இந்த இடத்தில் சும்மா விடமாட்டார்கள். கோபி, உடுமலை வட்டாரங்களில் மல்பெரித் தோட்டமும் பட்டுப்புழு ஷெட்டும் நிறைய. பேத்தியைக் கோபிக்குப் பக்கத்தில் சொந்தக்காரர் ஷெட்டுக்குக் கூட்டிப் போனேன். இலை போட்டுக் கொஞ்ச நேரம் கழித்து உள்ளே நின்றால், ஆயிரக்கணக்கான புழுக்கள் மெல்லும் சத்தம் தகரக் கூரையில் தூறல் விழுவதாகக் கேட்கும். அவள் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தாள். நாலு தடவை தோல் உரிக்கும், ஏறக்குறைய ஒரு மாசம் தின்னும், அப்புறம் தலையை ஆட்டி ஆட்டி நூல் விடும் என்று ஷெட்டுக்காரம்மா விளக்கினார்.

வெளியே வந்ததும் கேட்டாள்: "இதுவும் பட்டாம்பூச்சி ஆகுமுங்களா?" உள்ளதைச் சொன்னேன். இது ஆகிறது வேறு வகை, அந்துப்பூச்சி. பட்டு எடுக்கிற கூட்டில் பூச்சி வெளியே வர விடமாட்டார்கள். வந்தால் ஒரே இழையாக இருக்கிற நூல் அறுந்துவிடும், அதனால் கூட்டை வெந்நீர் ஆவியில் வைத்துவிடுவார்கள். விதைக்கு வைக்கிற கூட்டில் மட்டும் பூச்சி வரும். அவளுக்கு அது பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து புத்தகத்தை எடுத்துப் பட்டாம்பூச்சி இருக்கும் கடைசி விரிப்பைத் திறந்து வைத்துக்கொண்டாள். சின்னப் பிள்ளையிடம் இதைச் சொல்லலாமா என்று மகள் ஃபோனில் கேட்டாள். சொல்லலாம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். கேட்கிற பிள்ளைக்குப் பதில் சொல்லத்தானே பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம். இன்னொன்று, பட்டாம்பூச்சிப் புழு பொதுவாக இந்த மாதிரி பட்டுக் கூடு கட்டாது, தோல் உரித்துக் கூட்டுப்புழுவாகத் தொங்கும். கார்ல் அதைக் கூடு என்றே எழுதிவிட்டார். நம் தோட்டத்து எலுமிச்சைச் செடியிலேயே காட்டித் திருத்திச் சொல்லலாம், புத்தகத்தின் அழகுக்கு ஒன்றும் குறையாது.

நம் நாட்டிலேயே, நம் சென்னையிலேயே, உலகத் தரத்தில் படப் புத்தகம் போடுகிறார்கள். தாரா புக்ஸ் வெளியிட்ட 'த நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' என்ற புத்தகத்தை முதன்முதலில் கையில் எடுத்தபோது முகர்ந்து பார்த்தேன். மை வாசம் அப்படியே இருந்தது. கையால் செய்த கருப்புத் தாளில் ஒவ்வொரு நிறமாகக் கையால் ஸ்கிரீன் பிரிண்ட் செய்தது. விரலால் தடவினால் கோடு தட்டுப்படும். மத்தியப் பிரதேசத்துக் கோண்டு பழங்குடி ஓவியர்கள் பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி மூவரும் வரைந்தது. பகலெல்லாம் மரங்கள் நிழலும் உணவும் கொடுத்துக்கொண்டு வேலையாக இருக்கும், ராத்திரியில்தான் அவற்றின் உண்மையான உருவம் வெளிப்படும் என்பது கோண்டு மக்களின் நம்பிக்கை. 2008-இல் இத்தாலியின் பொலோன்யா குழந்தைகள் புத்தகக் கண்காட்சியில் இதற்குப் பரிசு கிடைத்தது. விலை அதிகம்தான். தினமும் கையாள்கிற புத்தகமும் அல்ல. கை கழுவிவிட்டு, மடியில் வைத்து, அப்புச்சியோ அம்மாயியோ திருப்பிக் காட்ட வேண்டியது. பொழுது சாய்ந்தால் வேப்பமரத்தில் கொப்பு ஒடிக்கக் கூடாது, மரம் தூங்குது என்று எங்கள் ஆத்தா சொல்வார். அதை இந்தப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே பேத்தியிடம் சொன்னேன். "தூங்குதா, முழிச்சிருக்குதா, எது நெசமுங்?" என்று கேட்டாள். இரண்டையும் வைத்துக்கொள் என்றேன்.

அதே பதிப்பகத்தின் 'டைகர் ஆன் எ ட்ரீ' அன்றாடத்துக்கு ஏற்றது. அனுஷ்கா ரவிசங்கர் எழுத, புலக் பிஸ்வாஸ் வரைந்தது, 1997. ஆரஞ்சு, கருப்பு என்று இரண்டே நிறம். நாலு கலர் அடித்தும் உயிரில்லாத எத்தனையோ படங்களை நான் மெஷினிலிருந்து எடுத்திருக்கிறேன். இந்தப் புலி இரண்டு நிறத்திலேயே தாளைவிட்டுத் துள்ளும். மரத்தில் ஏறிக்கொண்ட புலியை ஊர்க்காரர்கள் வலை போட்டுப் பிடித்துவிட்டு, இப்போது இதை என்ன செய்வது என்று விழிப்பார்கள். சத்தியமங்கலம் காடு 2013-இலிருந்து புலிகள் காப்பகம். சிறுத்தை நடமாட்டம், கூண்டு வைத்தார்கள், கொண்டுபோய்க் காட்டில் விட்டார்கள் என்று எங்கள் பக்கத்துச் செய்தித்தாளில் அடிக்கடி வரும். பேத்திக்கு இந்தக் கதை கற்பனையாகவே படவில்லை, பக்கத்து ஊர்ச் சேதி மாதிரியே கேட்டுக்கொண்டாள்.

எங்கள் வீட்டு அம்மாயியின், அதாவது என் மனைவியின் புத்தகம் வேறு. தூலிகா பதிப்பகம் வெளியிட்ட, அம்மாவின் புடவையைப் பற்றி சந்தியா ராவ் எழுதியது. நிஜப் புடவைகளின் துணியையே பின்னணியாக வைத்து அதன் மேல் நீனா சப்னானி பிள்ளைகளை வரைந்திருக்கிறார். பார்த்த மாத்திரத்தில் அம்மாயி பீரோவைத் திறந்து, தன் மகளுக்குத் தொட்டில் கட்டிய பழைய நூல்சேலையை எடுத்து வந்துவிட்டார். அன்று மத்தியானம் புத்தகம் ஓரமாகக் கிடந்தது, சேலையைப் பற்றிய பேச்சுதான் ஓடியது. அதுவும் புத்தகம் செய்த வேலைதான்.

இன்னும் கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு, வங்காள எழுத்தாளர் மஹாஸ்வேதா தேவி எழுதிய மொய்னாவின் கதை. சபர் பழங்குடிச் சிறுமி. ஆடு மேய்க்கிறவள், எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்கிறவள். அவள் கேட்கிற கேள்விகள் பெரியவர்களுக்கு உறைக்கும். ஆடு மேய்த்து வளர்ந்தவர்கள் எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவர் உண்டு, அவர்கள் வாயால் இதைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

எங்கள் தலைமுறைக்கு இத்தனை கிடையாது. 1947-இல் தொடங்கிய அம்புலிமாமாதான் எங்களுக்குப் படம் பார்க்கும் பள்ளிக்கூடம். தோளில் பிணம், கையில் உருவிய வாள், நடக்கும் விக்கிரமாதித்தன். அந்தப் படத்தைப் போட்ட ஓவியர் சங்கர், முழுப்பெயர் கே.சி. சிவசங்கரன், நம்ம கொங்கு நாட்டுக் காரத்தொழுவில் 1924-இல் பிறந்தவர். 2020-இல், 96 வயதில் காலமானார். மறு ஆண்டு பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சொந்த மண்ணின் ஓவியர் என்று தெரியாமலேயே வருஷக்கணக்கில் அவர் படத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இங்கே ஏராளம். பழைய அம்புலிமாமா பைண்டு வால்யூம் யார் வீட்டிலாவது இருந்தால் பேரப்பிள்ளைக்குக் காட்டுங்கள். கதை ஐந்து வயதுக்கு நீளம். படத்தை மட்டும் காட்டி, ராஜா எங்கே போகிறார், தோளில் இருப்பது யார், ஏன் பேசக் கூடாது என்று கேட்டுக்கொண்டே போகலாம்.

பெரியசாமித் தூரனையும் சொல்ல வேண்டும். மொடக்குறிச்சிப் பக்கம் மஞ்சக்காட்டுவலசில் 1908-இல் பிறந்தவர். தமிழின் முதல் கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதியாக முடித்த கையோடு, பிள்ளைகளுக்கென்று தனியாகக் குழந்தைகள் கலைக்களஞ்சியம் கொண்டுவந்தார். 1968-இலிருந்து 1976 வரை, அதுவும் பத்துத் தொகுதி, படங்களோடு. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஒரு பறவையோ எந்திரமோ கோயிலோ கிடைக்கும். தகவல்கள் சில பழசாகிவிட்டன. அதனால் என்ன, பழைய ரயில் எஞ்சின் படத்தைக் காட்டி, நான் இதில் போயிருக்கிறேன் என்று சொல்ல வேறு எந்தப் புத்தகத்தில் எனக்கு இடம் கிடைக்கும்? பழைய நூலகங்களில் கேட்டுப் பாருங்கள்.

வாங்க வேண்டாம் என்று சொல்ல வேண்டியவையும் உண்டு. பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் தொங்கும் பளபளப்பான கதைப் புத்தகங்களில் பாதி, எங்கிருந்தோ எடுத்த படங்களை ஒட்டிச் சேர்த்தவை. ஒரு பக்கத்தில் கருப்பாயிருந்த காக்கை அடுத்த பக்கத்தில் வேறு காக்கையாகிவிடும். பிள்ளைகள் இதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். நிறங்கள் ஒன்றன் மேல் ஒன்று சரியாக உட்காராமல் ரிஜிஸ்டர் விலகி, கிளியின் பச்சை கோட்டுக்கு வெளியே நிற்கும். கடைசியில் தடித்த எழுத்தில் நீதி. அப்படிப்பட்ட புத்தகம் பரிசாக வீட்டுக்கு வந்துவிட்டால், நீதி வரியின் மேல் நான் கட்டை விரலை வைத்துக்கொள்வேன். கதை முடிந்த இடத்தில் பிள்ளை என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டும். அந்த நேரத்தில் தீர்ப்பை நாம் வாசித்துவிட்டால் அப்புறம் பேச ஒன்றுமில்லை.

காசு ஒரு தடையாக இருக்க வேண்டியதில்லை. நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புத்தகாலய வரிசை இன்றும் குறைந்த விலையில் கிடைக்கிறது. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் நிறைய இருக்கின்றன. இலவசம், பெயர் குறிப்பிட்டு யாரும் அச்சடித்துக்கொள்ளலாம். ஃபோனிலேயே காட்டிவிடலாம்தான், ஆனால் ஃபோனில் விரல் அடுத்ததற்கு ஓடிவிடுகிறது. பிடித்த கதையாகப் பார்த்து ஏ4 தாளில் கலர் பிரிண்ட் எடுத்து, மடித்து, நடுவில் ஊசி நூலால் தைத்துக் கொடுங்கள். தையல் போடும்போது பிள்ளை பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. அரசுப் பள்ளிகளில் 2023-இல் வந்த வாசிப்பு இயக்கத்துச் சின்னப் புத்தகங்களும் நன்றாயிருக்கின்றன. நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை வைத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பையன் கொண்டு வந்ததைப் பார்த்து எனக்கு மனசு நிறைந்தது.

ஈரோட்டில் மக்கள் சிந்தனைப் பேரவை 2005-இலிருந்து ஆகஸ்ட் மாதத்தில் புத்தகத் திருவிழா நடத்துகிறது. கோவையில் கொடிசியா கண்காட்சி வளாகத்தில் நடக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் சாயங்காலக் கூட்டத்தில் போகாமல், காலையில் போங்கள். கடைக்காரரிடம் சொல்லிவிட்டு ஓரமாகத் தரையில் உட்கார வையுங்கள். நாம் இரண்டு எடுப்போம், பிள்ளை ஒன்று எடுக்கட்டும். அது எடுக்கிறது நமக்குப் பிடிக்காவிட்டாலும் அதையும் வாங்கிவிட வேண்டும். நம்ம வீட்டுக்கு வந்தபின் பீரோவில் பூட்டி வைக்காமல், பிள்ளையின் இடுப்பு உயரத்தில் ஒரு பலகை அடித்து, அட்டைப் படம் தெரியும்படி நிறுத்தி வையுங்கள்.

அப்படி வைத்தால் கிழியும். கிழியத்தான் வேண்டும். ஆனால் செல்லோ டேப் ஒட்டாதீர்கள். சில வருஷத்தில் மஞ்சளடித்து, பசை கசிந்து அடுத்த தாளையும் பிடித்துக்கொள்ளும். மைதாவைத் தண்ணீரில் கரைத்துக் கண்ணாடி பதம் வரக் காய்ச்சி, ஆறவிடுங்கள். மெல்லிய டிஷ்யூ தாளைக் கத்தரியால் வெட்டாமல் கையால் கிழித்துக்கொண்டால் ஓரம் பிசிறாக வரும், ஒட்டியது தெரியாது. கிழிசலின் இரண்டு ஓரத்தையும் பொருத்தி, பசையை லேசாகத் தடவி, டிஷ்யூவை வைத்து, மேலும் கீழும் பிளாஸ்டிக் தாள் கொடுத்து, ஒரு ராத்திரி கனம் ஏற்றி வைத்தால் போதும். பசை தடவும் வேலையைப் பேரப்பிள்ளைக்குக் கொடுக்கலாம், அவர்கள் விரல் அதற்கு நல்ல அளவு. கெட்டி அட்டைப் புத்தகத்தின் முதுகு பிரிந்தால் மட்டும் மைதா தாங்காது. அதற்கு ஃபெவிகாலும் ஒரு துண்டுக் காடாத் துணியும் வேண்டும்.